ஒட்டு வில்லில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மரப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வது ஒட்டு வில். அதில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, கோளாறு பிறந்த இடம் வேறு. வயிற்றுப் பக்கம் மயிரிழைக் கோடு ஒன்று விழுந்தால், அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கத்தான் கை போகும். அப்படித் தேய்த்தால் ஏற்கெனவே மெலிந்திருக்கும் இடம் இன்னும் மெலிந்து, வில் அங்கேயே முறியும். மரம் எடுக்க வேண்டியது அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வளையாமல் விறைத்து நிற்கும் பகுதியில். பெரும்பாலான கோளாறுகள் இப்படித்தான் இருக்கின்றன. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும், எங்கே தெரிகிறது என்பதைவிட எதனால் வந்தது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சொற்களை முதலில் பேசிக்கொள்வோம். இலக்கைப் பார்க்கும் முகம் முதுகு. எய்பவரைப் பார்க்கும் முகம் வயிறு. இரண்டுக்கும் இடையில் இருப்பது நடுப்பட்டை. பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகளை வில்லாளிகள் சொல்கிறபடி லிம்ப் என்றே எழுதுகிறேன். இரண்டு லிம்பும் சீராக வளையும்வரை வயிற்றிலிருந்து மரம் எடுக்கும் வேலைக்கு டில்லர் என்று பெயர்.

வில்லை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது, நடுவில் இருக்கும் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கின்றன. பொதுவாக மரம் இழுவையைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. அதனால்தான் முதுகுக்கு ஹிக்கரி, மேப்பிள், மூங்கில் என்றும், வயிற்றுக்கு இப்பே, ஓசேஜ் ஆரஞ்சு மாதிரி வைரம் பாய்ந்த அடர்ந்த கட்டை என்றும் பிரித்து வைக்கிறோம். யூ மரத்தில் இந்தப் பிரிவு இயற்கையாகவே அமைந்திருக்கிறது: வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டை இழுவையைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் நசுக்கலைத் தாங்கும்.

நடுப்பட்டைக்கு வேலை குறைவு என்று நினைப்பது பாதிதான் சரி. ஒரே மரத்தால் ஆன லிம்பில், தடிமனின் நடுப்பாதி மொத்த விறைப்பில் எட்டில் ஒரு பங்கைத்தான் தருகிறது. விறைப்பு தடிமனின் மும்மடியில் போவதால் இப்படி. ஆகவே நிறத்துக்காக வால்நட், செர்ரி, பர்ப்பிள்ஹார்ட் எது வைத்தாலும் இழுவிசை பெரிதாக மாறாது. ஆனால் பட்டைகளை வழுக்க வைக்கும் விசை நடுவில்தான் உச்சத்தில் இருக்கும். ஆகவே அங்கே மென்மையான கட்டையோ, ரேகை குறுக்கே ஓடும் கட்டையோ வேண்டாம்.

எந்த அறிகுறி என்றாலும் முதல் வேலை நாணைக் கழற்றுவது. அடுத்தது, பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்து லிம்பை முழு நீளத்துக்கும் பார்ப்பது. இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தால் வில்லைச் சுவரில் பொருத்தி, கப்பி வழியாகக் கயிறு விட்டு, ஒதுங்கி நின்று இழுங்கள். முறியும் லிம்ப் முகத்துக்கு நேராகத்தான் வரும்.

அச்சிலிருந்து எடுத்ததும் பட்டைகள் நகர்ந்திருக்கின்றன, ஓரத்தில் இடைவெளி

அச்சு என்பது பட்டைகளை வைத்து இறுக்கி ஒட்டும் வடிவக் கட்டை. பசை பூசிய பட்டைகள் அழுத்தம் பட்டதும் சறுக்கும். ஒட்டுவதற்கு முன் பிடிப் பகுதியின் நடுவில் ஒரு மெல்லிய துளை போட்டு மரக்குச்சி செருகினால் நீளவாட்டில் நகராது. அச்சின் இரு பக்கமும் சிறு கட்டைகளை நிறுத்தினால் அகலவாட்டிலும் நகராது. ஏற்கெனவே நகர்ந்து இறுகிவிட்டதென்றால், வில்லின் நடுக்கோட்டைப் புதிதாகப் போட்டு, எல்லாப் பட்டைகளும் முழுதாக இருக்கும் அகலம் எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். அது போதுமென்றால் வில் பிழைத்தது.

ஓர இடைவெளி வேறு விஷயம். கிளாம்ப்கள் தூரத் தூரமாக இருந்தால், அல்லது பட்டையின் தடிமன் ஓரத்துக்கு ஓரம் மாறினால் வரும். தடிமனை ஒட்டுமுன் பல இடங்களில் அளந்து, 0.1 மி.மீ.க்குள் சமப்படுத்தாமல் பசையைத் தொடக்கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் பின்னால் வரும் முறுக்கு, சமமின்மை எல்லாவற்றுக்கும் இதுதான் தாய். இடைவெளி வெட்டி எறியப்போகும் ஓரத்தில் இருந்தால் கவலை இல்லை. லிம்பின் அகலத்துக்குள் வந்தால் அடுத்த பகுதியில் சொல்கிறபடி நிரப்ப வேண்டும்.

ஒட்டுக் கோடு பிளக்கிறது

முதலில் பிளந்த முகங்களைப் படியுங்கள். மெல்லிய கத்தியால் பிளவைச் சற்று விரித்து, விளக்கடியில் பாருங்கள். மரநார் கிழிந்து இரு முகத்திலும் ஒட்டியிருந்தால், பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, மரம்தான் தோற்றது. முகம் வழவழப்பாக, பளபளப்பாக, பசை ஒரே பக்கம் முழுதாக நின்றால், பசை அந்த மரத்தைப் பிடிக்கவே இல்லை. இரு முகத்திலும் பசை கொஞ்சமாக, மரம் வறண்டு தெரிந்தால் பசை போதவில்லை. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

பசை பிடிக்காததற்கு முதல் சந்தேகம் எண்ணெய். இப்பே, ரோஸ்வுட், தேக்கு, ஓசேஜ் ஆகியவற்றில் பசைக்கு எதிரான பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. இழைத்து வைத்த முகத்தில் நேரம் ஆக ஆக மேலே ஏறி நிற்கும். அதனால் 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் புதிதாகச் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் நிறம் இறங்குவது குறையும்வரை துடைத்து, அது உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். முந்தின நாள் தயார் செய்த முகத்தை நம்ப வேண்டாம். இன்னொரு சந்தேகம், மழுங்கின இழைப்புளி. அது மரத்தை வெட்டாமல் அழுத்தித் தேய்த்து மெருகேற்றிவிடும். பார்க்க அழகாக இருக்கும், பசை உள்ளே இறங்காது. சோதனை எளிது: ஒரு துளித் தண்ணீரை விடுங்கள். துளி பரவாமல் முத்தாகவே நின்றால் அந்த முகம் ஒட்டுக்குத் தயாராகவில்லை.

பசை போதாமல் போவது எப்படி என்றால், இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எப்பாக்ஸி பசைக்கு அளவுக்கு மீறிய அழுத்தம் கொடுப்பதால். எப்பாக்ஸி மெல்லிய படலமாக இடையில் தங்கினால்தான் பலம். கிளாம்பை முழு பலத்தோடு முறுக்கினால் அத்தனையும் வெளியே வழிந்துவிடும். பட்டைகள் ஒன்றோடொன்று தொட்டு, ஓரம் முழுக்கப் பசை மணிமணியாக வந்து நின்றால் போதும். சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றுவது இதற்கு மிக நல்ல வழி, அழுத்தம் ஒரே சீராகப் போகும். வெள்ளைப் பசை, மஞ்சள் பசைக்கு இது தலைகீழ். அவற்றுக்கு நல்ல அழுத்தமும் இடைவெளியே இல்லாத பொருத்தமும் வேண்டும், இடைவெளியை அவை நிரப்பாது. அவற்றில் இருக்கும் தண்ணீர் மெல்லிய பட்டைக்குள் இறங்கி ஈரத்தை ஏற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. கிளாம்பைக் கழற்றியபின் சில நாள் உலர விட்டுத்தான் வளைக்க வேண்டும். அவை தொடர் விசையில் மெல்ல நகரக்கூடியவை என்பதால், நேரான வில்லுக்கும் சிறிய எதிர்வளைவுக்கும் (நாணில்லாத வில்லின் நுனிகள் இலக்குப் பக்கம் சாய்ந்திருப்பது) சரி; பெரிய எதிர்வளைவுக்கு எப்பாக்ஸி அல்லது யூரியா ஃபார்மால்டிஹைடு தூள் பசைதான் என் தேர்வு.

எப்பாக்ஸி நகத்தால் அழுத்தினால் பதியும்படி ரப்பராக இருந்தால், கலவை விகிதம் தப்பியிருக்கிறது, அல்லது கலக்கியது போதவில்லை. இறுகட்டும் என்று இரண்டாம் பாகமான இறுக்கியைக் கூடப் போடுவது பயன் தராது, இன்னும் மென்மையாகும். புட்டியில் எழுதியிருக்கும் விகிதம் எடைக்கா கன அளவுக்கா என்று பார்த்தே அளக்க வேண்டும். இப்படி ரப்பரான ஒட்டைக் காப்பாற்ற முயலாதீர்கள். சூடாக்கிப் பிரித்து, பழைய பசையை முழுதும் எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுங்கள்.

சரி, சிறிய பிளவை எப்படி அடைப்பது? பிளவு விரற்கடை நீளம், ஓரத்தில் மட்டும், முகம் சுத்தமாக இருந்தால் மெல்லிய உடனடிப் பசையை (சூப்பர் குளூ) ஓரத்தில் விட்டால் தானாகவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதைவிடப் பெரிதென்றால், லிம்பைப் பிளவு திறக்கும் அளவுக்கு மட்டும் மெதுவாக வளைத்து, இளஞ்சூடாக்கிய எப்பாக்ஸியைக் காகித நுனியால் உள்ளே தள்ளி, டியூப் ரப்பரால் சுற்றி வையுங்கள். சூடு எப்பாக்ஸியை இளக்கி ஓட வைக்கும், ஆனால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறையும். எண்ணெயால் விட்ட ஒட்டை மட்டும் இப்படிச் சரி செய்ய முடியாது, உள்ளே துடைக்கவே வழி இல்லை. அங்கே பட்டையை முழுதாக எடுத்து மறுபடி ஒட்டுவதுதான் நேர்மையான வேலை.

வாங்கிய கட்டை எதுவானாலும், வில்லுக்கு முன் இரண்டு துண்டுகளை அதே பசையால் ஒட்டி, இறுகியதும் உளி வைத்துப் பிளந்து பாருங்கள். மரம் கிழிந்தால் தொடரலாம்.

இழுக்கும்போது "டிக்" என்று சத்தம்

சத்தம் எல்லாமே ஆபத்தல்ல. நாண் அதன் வெட்டில் உட்காரும்போதும், முறுக்கு இறங்கும்போதும் சத்தம் வரும். நாண் மாட்டும் வெட்டில் கொஞ்சம் மெழுகு தேய்த்து மறுபடி இழுங்கள். சத்தம் நின்றுவிட்டால் முடிந்தது. நிற்கவில்லை என்றால், ஒருவர் இழுக்க இன்னொருவர் விரலை லிம்பின் ஓரத்தில் மெல்ல வைத்து எங்கே அதிர்கிறது என்று தேடலாம், பாதி இழுவைக்கு மேல் போகாமல், கையைத் தவிர உடம்பை விலக்கி வைத்து. பெரும்பாலும் பிடிக்கட்டை முடியும் இடத்தில்தான் அகப்படும்.

பிடிக்கட்டையின் நுனி கிளம்புகிறது

பிடிக்குத் தடிமன் கூட்ட ஒட்டிய கட்டையின் இரண்டு முனைகளும் லிம்போடு கலந்து மெலிந்து முடிய வேண்டும். அந்த முனை மொத்தையாக நின்றால், லிம்ப் வளையும்போது முனை வளையாது, ஒட்டு மேலே இழுபடும். எந்தப் பசையும் இந்த இழுப்பைத் தாங்காது. பசையை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இங்கே நேரத்தை வீணாக்குகிறார்கள். காரணம் வடிவம்.

முனையைக் காகிதம்போல் மெலிய வையுங்கள், அந்த மெலிவு 5 முதல் 7 செ.மீ. நீளத்தில் நிதானமாக இறங்கட்டும். கூடவே, முனை முடிகிற இடத்தில் லிம்ப் வளையவே தொடங்கக்கூடாது. அதைத் தாண்டிய பிறகே வளைவு ஆரம்பிக்க வேண்டும். அந்த இடத்தில் லிம்ப் ஏற்கெனவே மெலிந்துவிட்டதென்றால், அதற்கு அப்பால் நுனியை நோக்கிய பகுதியில் வயிற்றிலிருந்து மரத்தை எடுத்து, வளைவை நுனிப் பக்கம் நகர்த்துவதே வழி. புது வில்லுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு உண்டு. பிடிக்கு அடியில், பட்டைகளுக்கு நடுவே, இரு முனையும் சரிந்த ஒரு குட்டைப் பட்டையைச் சேர்த்து ஒட்டினால், பிடிப் பகுதி தானாகவே தடிமனாகி, மேலே ஒட்டும் கட்டைக்கு வேலை குறைந்துவிடும்.

ஒரே இடத்தில் மடிகிறது

டில்லரின்போது லிம்ப் முழுக்க வட்டமாக வளையாமல் ஓரிடத்தில் மட்டும் மடிந்தால், நாணைக் கழற்றி அந்த இடத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள். இனி அங்கே எந்தக் கருவியும் படக்கூடாது. அதன் இருபுறமும், லிம்பின் மீதி நீளத்திலும் சுரண்டியால் சீராக எடுங்கள். இழுவிசை குறையத்தான் செய்யும். அதற்காகத்தான் தொடக்கத்தில் வேண்டியதைவிடக் கூடுதல் விசையோடு ஆரம்பிக்கிறோம்.

கண்ணை மட்டும் நம்பினால் மடிப்பு பெரிதாகும்வரை தெரியாது. 15 செ.மீ. நீளத் தட்டைக் கட்டை ஒன்றின் நடுவில் துளை போட்டு, ஒரு பென்சிலைச் செருகிக்கொள்ளுங்கள். வில்லை இழுத்த நிலையில் வைத்து, வயிற்றில் அதிகம் வளைந்திருக்கும் இடத்தில் கட்டையை வைத்தால் நடுவில் இடைவெளி இருக்கும். பென்சில் முனை அங்கே மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்து, கட்டையை லிம்ப் முழுக்க நகர்த்துங்கள். எங்கெல்லாம் பென்சில் கோடு விழுகிறதோ அங்கெல்லாம் லிம்ப் விறைப்பு. அங்கே எடுக்க வேண்டும். இந்தச் சிறு கருவி ஒன்றே பல வில்களைக் காப்பாற்றும்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும், அதுவரை போன தூரத்துக்கு இருபது முப்பது தடவை மெல்ல இழுத்து விட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும். எடுத்த மரத்தின் விளைவு உடனே தெரியாது. வேண்டிய இழுவிசைக்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்க வேண்டாம். 40 பவுண்டு வில் வேண்டுமென்றால், தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வில்தராசு 40 காட்டியதும் நிறுத்துங்கள்.

வயிற்றில் குறுக்காக நசுங்கல் கோடுகள்

நார்கள் நசுங்கி மடிந்ததன் தடயம் இது. சாய்ந்த வெளிச்சத்தில் லிம்புக்குக் குறுக்கே, ஒழுங்கற்ற மெல்லிய கோடுகளாகத் தெரியும். கருவிக் கீறல் நேராக இருக்கும், லேசாகச் சுரண்டினால் போய்விடும், நசுங்கல் போகாது.

ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் அது மடிப்பின் பின்விளைவு, மேலே சொன்னபடி மற்ற பகுதிகளை இளக்குங்கள். லிம்ப் முழுக்கப் பரவலாக இருந்தால் விஷயம் வேறு: அந்த வயிற்று மரத்துக்கு இந்த அகலமும் நீளமும் போதவில்லை, அல்லது முதுகு அதற்கு மீறி பலமாக இருக்கிறது. ஹிக்கரி முதுகுக்கு 3 மி.மீ. தாராளம். மூங்கிலைத் தடிமனாக விட்டால் வயிற்றை நசுக்கியே தீரும். மூங்கில் பட்டையின் ஓரம் ஏறக்குறைய கத்தி முனைபோல் மெலியும்வரை அடிப்பக்கத்தை இழைத்துவிட்டு ஒட்ட வேண்டும். மேப்பிள், செர்ரி மாதிரி நடுத்தர மரம் வயிற்றில் இருந்தால் அகலத்தைக் கூட்டுங்கள். அகலம் இரு மடங்கானால் விறைப்பு இரு மடங்காகும், ஆனால் அதே வளைவுக்கு மேற்பரப்பு படும் பாடு கூடாது. தடிமனைக் கூட்டினால் இரண்டும் கூடும்.

கோடுகள் விழுந்த வில்லை வைத்திருக்கலாமா? டில்லரைச் சரி செய்து, இழுவிசையைக் குறைத்தபின் கோடுகள் வளராமல் நின்றால் வைத்திருக்கலாம். கோட்டின் இரு முனையிலும் பென்சில் புள்ளி வைத்துவிட்டு, எய்யும் ஒவ்வொரு நாளும் பாருங்கள். புள்ளியைத் தாண்டினால் அந்த வில்லை இனி இழுக்கக்கூடாது.

நாணைக் கழற்றியும் வில் நிமிரவில்லை

எல்லா மர வில்லும் கொஞ்சம் வளைந்து நிற்கத்தான் செய்யும். நுனிகள் நேர்க்கோட்டிலிருந்து 2 முதல் 4 செ.மீ. பின்னால் வந்தால் குறையே இல்லை. 5 செ.மீ.க்கு மேல் போனால் வேகம் நன்றாகவே குறையும். நாணைக் கழற்றிய உடனே ஒரு தடவையும், ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மரம் ஈரமாக இருக்கிறது என்று நான் சந்தேகிப்பேன்.

ஈரம்தான் இங்கே முதல் குற்றவாளி. மரம் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும். 20 டிகிரி செல்சியஸில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்தில் 9 சதவீதம் ஈரம் நிற்கும். 65 சதவீதம் என்றால் 12. 80 சதவீதம் என்றால் 16. வில்லுக்கு 8 முதல் 10 சதவீதம் நல்லது. ஹிக்கரி இன்னும் வறண்டிருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஈரம் ஏறினால் சோம்பிவிடும். ஈரமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டையைத் தினமும் துல்லியமான தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் அந்த இடத்துக் காற்றோடு சமநிலை வந்துவிட்டது. அந்தக் காற்றே ஈரமானது என்றால், மேலே ஒரு பல்பு எரியும் மூடிய பெட்டிக்குள் வைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஆனால் ஒரேயடியாக வறட்டவும் கூடாது. 6 சதவீதத்துக்குக் கீழே போனால் பல மரங்கள் முதுகுப் பக்கம் பட்டென்று முறியும்.

ஈரம் சரியாக இருந்தும் வளைந்தால் நீளத்தைப் பாருங்கள். வளையாத பிடி உள்ள வில்லுக்கு நான் போடும் கணக்கு: இழுநீளத்தின் இரு மடங்கு, அதில் பத்தில் ஒரு பங்கு கூட்டி, அதோடு வளையாத பிடிப் பகுதியின் நீளம். 28 அங்குல இழுவைக்கும் 8 அங்குலப் பிடிக்கும் இது 70 அங்குலத்துக்குச் சற்றே குறைவாக வரும். 60 அங்குல வில்லை 28 அங்குலம் இழுத்துவிட்டு மரத்தைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

வளைவு எங்கே தங்கியிருக்கிறது என்பதும் முக்கியம். பிடிக்கு அருகில் தங்கினால், அங்கே விழுந்த சிறு கோணம் நுனியில் பெரிய தூரமாகிவிடும். அப்படி இருந்தால் பிடியருகே வேலை அதிகம், நுனிப்பாதி சும்மா இருக்கிறது. நுனிப் பாதியை இளக்குங்கள். ஒட்டும்போதே 3 முதல் 5 செ.மீ. எதிர்வளைவு கொடுத்துவிட்டால் முடிவில் வில் நேராக வந்து நிற்கும். ஒட்டிய வில்லை வெப்பக் காற்றால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். ஒற்றை மர வில்லுக்குச் சரியான வழி அது. இங்கே, அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுப் போகக்கூடாது என்பதும் இதனால்தான்.

முதுகில் சிராய் எழும்புகிறது

முதுகுப் பட்டையில் ரேகை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஓட வேண்டும். பாதியிலேயே ஓரத்தில் இறங்கி வெளியேறினால், இழுவை அந்த இடத்தில் நாரைப் பிரிக்கும். முகத்தில் மட்டும் பார்த்தால் போதாது, பட்டையின் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். முகத்தில் நேராகத் தெரியும் ரேகை, பக்கத்தில் சரிந்து ஓடலாம்.

சிராய் சிறிதாக, தொடக்கத்தில் இருந்தால் மெல்லிய உடனடிப் பசையை அதன் அடியில் விட்டு அமுக்கி, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றி எப்பாக்ஸி பூசிவிடுங்கள். சுற்று சிராய்க்கு இரு பக்கமும் 2 செ.மீ. தாண்டிப் போகட்டும். ரேகை பல இடத்தில் வெளியேறினால் முதுகு முழுக்க லினன் துணியோ பதப்படுத்தாத தோலோ ஒட்டலாம். ஓரங்களைக் கூர்மையாக விடுவது பலர் செய்யும் தவறு. சிராய் எப்போதும் கூர் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். 3 மி.மீ. ஆரம் வரும்படி உருட்டி, 220 எண் தாளால் மழமழவென்று ஆக்கிய பிறகே வில்லைப் பாதி தூரத்துக்கு மேல் இழுங்கள்.

லிம்ப் முறுக்குகிறது, நாண் நடுவில் ஓடவில்லை

இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஒன்றல்ல. நாண் ஏற்றிய வில்லை நுனியிலிருந்து பாருங்கள். லிம்பின் முகம் திரும்பியிருந்தால் முறுக்கு. முகம் நேராக இருந்து நாண் மட்டும் பிடியின் ஒரு பக்கம் ஓடினால் நுனி நடுவில் இல்லை.

முறுக்கில், இரு ஓரங்களில் எது குறைவாக வளைகிறதோ அதுதான் பலமான ஓரம். வயிற்றில் அந்த ஓரத்தை மட்டும், லிம்பின் நீளம் முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். காலிப்பரால் இரு ஓரத்தின் தடிமனையும் அளந்துகொண்டே போவது நல்லது. நாண் விலகலுக்கு, நாண் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து நாண்வெட்டைச் சற்று ஆழமாக்கி, நுனியின் அதே பக்கத்தை ஒடுக்குங்கள். நாணின் நடு மறுபக்கம் நகரும். நுனி அகலமாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், ஒடுக்கி முடித்தபின் எடுக்க மரம் இருக்காது.

ஒரு லிம்ப் அதிகம் வளைகிறது

பிடியின் இரு முனையிலிருந்தும் ஒரே தூரத்தில் நாணுக்கும் லிம்புக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். அம்பின் மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலும் வைத்து இழுப்பவருக்குக் கீழ் லிம்ப் சற்று விறைப்பாக, இடைவெளி 3 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய சமம் போதும். இதற்குமேல் வித்தியாசம் என்றால் விறைப்பான லிம்பைச் சுரண்டுங்கள். இரண்டும் சமமாக இருக்கும் வில்லில், கோளாறு என்று நினைத்ததுக்குக் காரணம் பிடியைக் கை அழுத்தும் இடமாகவும் இருக்கலாம்.

இழுவிசை கூடுதல், அல்லது குறைவு

கூடுதல் என்றால் எளிது. தடிமனில் 3.5 சதவீதம் எடுத்தால் விசை 10 சதவீதம் இறங்கும். 12 மி.மீ. லிம்பில் அது 0.4 மி.மீ. தான். அரத்தைக் கீழே வைத்துவிட்டு இந்தக் கட்டத்தில் சுரண்டி மட்டும் பிடியுங்கள்.

குறைவு என்றால் எளிய வழி: இரு நுனியிலும் சமமாக வெட்டி வில்லைக் குட்டையாக்கி, நாண்வெட்டைப் புதிதாகப் போடுவது. ஒவ்வொரு நுனியிலும் 2.5 செ.மீ. வெட்டினால் விசை கணக்குப்படி பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறும். ஆனால் மரம் படும் பாடும் ஏறும். மேலே சொன்ன நீளக் கணக்குக்குக் கீழே போகும் என்றால் வெட்டாதீர்கள், இழுக்க இலகுவான வில்லாகவே அதை வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த விசையில் பழகுபவருக்கு அது நல்ல வில்.

அம்பு விட்டதும் பிடியில் அதிர்வு

பெரும்பாலும் நுனி கனம். நுனியில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் முழு வேகத்தில் போய் நிற்கிறது, அந்த வேகம்தான் கையில் அடிக்கிறது. லிம்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கை அகலத்தில் ஒடுக்கி, நுனியில் 10 முதல் 12 மி.மீ. அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். நாண் உயரம் (நாண் ஏற்றிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்) 15 செ.மீ.க்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்பும் காரணமாகலாம்: ஒரு பவுண்டு இழுவிசைக்கு 9 முதல் 10 கிரெய்ன் எடை வேண்டும், 40 பவுண்டு வில்லுக்கு ஏறத்தாழ 23 முதல் 26 கிராம். அதைவிட லேசான அம்பு வேகமாகப் போகும், மீதிச் சக்தியை வில்லே வாங்கிக்கொள்ளும். நீளாத நவீன நாணைவிட, சற்று நீளும் டாக்ரான் (பாலியெஸ்டர்) நாண் அதிர்வைக் கொஞ்சம் உறிஞ்சும், நாண்வெட்டையும் அறுக்காது.

முறிந்தே விட்டால்

துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். முறிந்த வில்லின் துண்டுகளைச் சேர்த்து வைத்து, முறிவு எங்கே ஆரம்பித்தது என்று தேடுங்கள். முதுகில் நீளமான சிராய்களோடு பிளந்திருந்தால் ரேகை விலகலோ கூர் ஓரமோ. முதுகு சிராயே இல்லாமல் குட்டையாக, நேராக வெட்டினதுபோல் முறிந்திருந்தால் அந்தக் கட்டை சொத்தை, அல்லது மிக வறண்டது. அதே பலகையில் மிச்சம் இருப்பதை வில்லுக்கு எடுக்க வேண்டாம். வயிற்றில் நசுங்கிய கோட்டின்மேல் முறிந்திருந்தால் மடிப்பு. பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து பளபளத்தால் பசை. பல வேளைகளில் இரண்டு தடயம் சேர்ந்தே இருக்கும். ஒட்டு முதலில் விட்டு, பிறகு தனியான முதுகு முறிந்ததா, அல்லது முதுகு முறிந்த அதிர்ச்சியில் ஒட்டு விட்டதா என்று பிரித்தறிய, முறிவுக்குச் சற்றுத் தள்ளி முழுதாக இருக்கும் இடத்தில் ஓர் அங்குலத்தை அறுத்து உளியால் பிளந்து பாருங்கள். அங்கே மரம் கிழிந்தால் பசைமேல் பழி இல்லை.